கடலூரிலிருந்து நீலகிரி நீராவி ரயில்: எந்த டிக்கெட், எந்தப் பெட்டி, எங்கே கோட்டை விடுகிறார்கள்

ஊட்டிக்குப் போய் வந்தவர்களிடம் மலை ரயிலில் ஏறினீர்களா என்று கேட்டால் பாதிப் பேர் ஏறினோம் என்பார்கள். எந்த ஊரில் ஏறினீர்கள் என்று கேட்டால்தான் குட்டு வெளிப்படும். ஊட்டியில் ஏறி குன்னூரில் இறங்கியிருப்பார்கள். அந்தப் பகுதியில் வண்டியை இழுப்பது டீசல் எஞ்சின். நீராவி எஞ்சின் ஓடுவது மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையில் உள்ள 28 கிலோமீட்டரில்தான். கடலூர், புதுச்சேரிப் பக்கம் விற்கும் மூன்று நாள் ஊட்டி பேக்கேஜ்களில் 'டாய் டிரெயின்' என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் ஊட்டி–குன்னூர்தான். பணம் கட்டும் முன் ஏறும் நிலையத்தின் பெயரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். டீசல் வண்டியும் அழகான பயணம்தான், அதில் குறை இல்லை. ஆனால் அது வேறு சரக்கு.

நீராவி என்ற பெயரில் இன்னொரு குழப்பமும் உண்டு. 2023 முதல் குஜராத்தில் ஏக்தா நகருக்கும் அகமதாபாத்துக்கும் இடையே ஓடும் பாரம்பரிய வண்டி, கரி எஞ்சின் வேடம் போட்ட மின்சார எஞ்சின். சென்னையில் எப்போதாவது எழும்பூர்–கோடம்பாக்கம் ஓடிக் காட்டும் இ.ஐ.ஆர். 21 நிஜமான நீராவி எஞ்சின், 1855-இல் செய்தது. ஆனால் அதற்கு நிரந்தர அட்டவணை கிடையாது, நம்பி லீவு போட முடியாது. தமிழ்நாட்டில் தேதி குறித்து டிக்கெட் எடுத்து, நீராவி எஞ்சின் உண்மையாகவே பாரம் தள்ளுவதைப் பார்க்க வேண்டுமானால் மேட்டுப்பாளையம்தான்.

நம் ஊரிலிருந்து போய்ச் சேருவதுதான் இதில் சிக்கலான பகுதி. மலை வண்டி காலை 7.10-க்குப் புறப்படுகிறது. அதற்கு இணைப்பாக வருவது சென்னை சென்ட்ரலிலிருந்து இரவு 9 மணிக்கு மேல் கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ், வண்டி எண் 12671. அது காட்பாடி, ஜோலார்பேட்டை, சேலம், ஈரோடு, கோவை வழியாக மேட்டுப்பாளையம் வருகிறது. விழுப்புரம் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. அதற்காக இங்கிருந்து சென்னைக்குப் போய் ஏறுவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலை. சேலத்தில் ஏறுங்கள்.

சேலம் என்றவுடன் விருத்தாசலம் நினைவுக்கு வரும். ரயில் நிலையங்களைப் புதுப்பிக்கும் அம்ரித் பாரத் திட்டத்தில் 2025 மே 22 அன்று நாடு முழுவதும் திறந்துவைத்த 103 நிலையங்களில் நம் மாவட்டத்துக்கு இரண்டு கிடைத்தன: சிதம்பரமும் விருத்தாசலமும். விருத்தாசலம் சாதாரண நிலையம் அல்ல. விழுப்புரம்–திருச்சி கார்டு லைன் (குறுக்குப்பாதை) ஒரு பக்கம், கடலூர் லைன் ஒரு பக்கம், ஆத்தூர் வழியாகச் சேலம் லைன் ஒரு பக்கம் என்று நான்கு திசையும் சந்திக்கும் இடம். நிலையம் புதுசாகிவிட்டது, சரி. அதற்காகச் சேலத்துக்கு நாம் விரும்பும் நேரத்தில் வண்டி வந்துவிடவில்லை. ஓ.டி.யில், அதாவது கடலூர் துறைமுகம் சந்திப்பில், ஏறி விருத்தாசலத்தில் மாறிச் சேலம் போகலாம். வழி நேர்த்தியானதுதான். ஆனால் சேலம் லைனில் வண்டிகள் குறைவு. அன்றைய அட்டவணையைப் பார்த்து, மாறும் இடத்தில் குறைந்தது ஒரு மணி நேரம் இடைவெளி இருந்தால் மட்டும் இதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, ஆத்தூர் வழியாகப் பஸ்ஸில் சேலம் போவது நிம்மதி. ரயிலில் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ஆத்தூர் பக்கமிருந்து வரும் வண்டி முதலில் சேலம் டவுனில் நிற்கும். 'சேலம்' என்ற பலகையைப் பார்த்ததும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடாதீர்கள். நீலகிரி எக்ஸ்பிரஸ் நிற்பது சேலம் ஜங்ஷனில்.

புதுச்சேரிக்காரர்களுக்கு ரயில் இன்னும் சுற்று. 1879-இல் போட்ட விழுப்புரம் கிளைப்பாதை புதுச்சேரியில் முட்டி நின்றுவிடுகிறது. எங்கே போவதானாலும் வில்லியனூர், கண்டமங்கலம், வளவனூர் கடந்து விழுப்புரத்தைத் தொட்டாக வேண்டும். மங்களூர் வண்டி கோவை வட்டாரம் வழியாகப் போகிறது, ஆனால் தினமும் கிடையாது. கிழமை ஒத்துவந்தால் எடுங்கள். ஒத்துவராவிட்டால் கோவைக்கு இரவுப் பஸ். பஸ்ஸில் போனால் காலை 5 மணிக்குள் கோவையில் இறங்குகிறதா என்று கேட்டு வாங்குங்கள். கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் 35 கிலோமீட்டர், பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. 6 மணிக்குக் கோவையில் இறக்கிவிடும் பஸ்ஸை நம்பி மலை வண்டிக்கு டிக்கெட் எடுப்பது சூதாட்டம். வயதானவர்களையும் குழந்தைகளையும் கூட்டிப் போகிறவர்கள் முந்தின நாள் சாயங்காலமே மேட்டுப்பாளையம் போய்த் தங்கிவிடுவது உத்தமம்.

இனி டிக்கெட். ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் நிலையக் குறியீடுகள்: மேட்டுப்பாளையம் எம்.டி.பி., குன்னூர் ஓ.என்.ஆர்., உதகமண்டலம் யு.ஏ.எம். முன்பதிவு 60 நாளுக்கு முன் காலை 8 மணிக்குத் திறக்கும். பழைய 120 நாள் கணக்கு 2024 நவம்பரோடு போய்விட்டது. ஆதார் சரிபார்க்காத கணக்கை வைத்துக்கொண்டு 8 மணிக்கு உட்கார்ந்தால் திறக்கும் நேரத்தில் உள்ளே விடாது. ஆகவே அந்த வேலையை ஒரு வாரம் முன்பே முடித்து வையுங்கள். ஏப்ரல், மே, தீபாவளி, பொங்கல் வாரங்களில் இடம் நிமிடங்களில் காலி. சீசனில் சிறப்பு வண்டிகள் விடுவார்கள், கட்டணம் கூடுதலாக இருக்கும். முன்பதிவில்லாத இருக்கைகள் மிகச் சில. மேட்டுப்பாளையம் கவுன்ட்டரில் விடியற்காலையிலேயே வரிசை கட்டிவிடுவார்கள். அதை நம்பிக் கடலூரிலிருந்து கிளம்புவது வேண்டாம்.

தேதியில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். நீலகிரி எக்ஸ்பிரஸ் சென்னையில் கிளம்புவது வெள்ளிக்கிழமை இரவு என்று வைத்துக்கொள்ளுங்கள். சேலத்துக்கு வரும்போது நள்ளிரவு தாண்டிச் சனிக்கிழமை ஆகியிருக்கும். சேலத்தில் ஏறுகிறவர் சனிக்கிழமை தேதியில் டிக்கெட் எடுக்க வேண்டும். மலை வண்டிக்கும் அதே சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை ராத்திரிதானே போகிறோம் என்று வெள்ளி தேதி போட்டால், வண்டி அதற்கு முந்தின இரவே போயிருக்கும். இரண்டு டிக்கெட்டிலும் ஒரே தேதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சரி.

மேட்டுப்பாளையம் நிலையத்தில் அகலப்பாதையும் மீட்டர் கேஜும் பக்கத்துப் பக்கத்தில். மீட்டர் கேஜைப் பார்த்து நம்மூர்க்காரர்களுக்கு ஏக்கம் வந்தால் ஆச்சரியமில்லை. விழுப்புரம்–மாயவரம் மெயின் லைன் 2010-இல் அகலப்பாதையாகத் திறக்கும் முன், கடலூர் திருப்பாப்புலியூரில் கிடந்ததும் இதே 1000 மில்லிமீட்டர் தண்டவாளம்தான். எஞ்சினிலும் ஒரு தொடர்பு உண்டு. மலையில் ஓடும் எக்ஸ் வகை எஞ்சின்களைச் செய்தது சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் தொழிற்சாலை. ஆனால் 2010-களில் சேர்ந்த, கரிக்குப் பதில் எண்ணெய் எரித்து நீராவி எடுக்கும் எஞ்சின்களைக் கட்டியது திருச்சி பொன்மலைப் பணிமனை, பழைய தென்னிந்திய ரயில்வேயின் அதே பட்டறை. நிலையத்தில் சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. ஆனால் கிளம்பும் அவசரத்தில் அதற்கு நேரம் ஒதுக்க வேண்டாம். 6.30-க்குள் போய்விட்டால் எஞ்சினைத்தான் பார்க்க வேண்டும்.

எஞ்சின் பக்கவாட்டில் நின்று பாருங்கள். ஒரு பக்கத்துக்கு இரண்டு சிலிண்டர், மேலும் கீழுமாக, ஆக மொத்தம் நான்கு. கீழே உள்ளவை சாதாரண எஞ்சினைப் போலச் சக்கரங்களைச் சுழற்றுகின்றன. மேலே உள்ளவை அடியில் மறைந்திருக்கும் பல்சக்கரத்துக்கு. சமவெளியில் கீழ் ஜோடி மட்டும் வேலை செய்யும். மலை ஏறத் தொடங்கியதும், கீழ்ச் சிலிண்டரில் ஒருமுறை வேலை செய்து அழுத்தம் குறைந்த அதே நீராவியை வீணாக்காமல் மேல் சிலிண்டருக்கு அனுப்புவார்கள். ஒரே ஆவிக்கு இரண்டு வேலை. அப்போது மேல் தண்டும் கீழ்த் தண்டும் ஒரே தாளத்தில் ஆடாது, ஆளுக்கொரு கணக்கில் ஓடும். கண்ணுக்கும் காதுக்கும் அதுதான் விருந்து.

அந்த மாற்றம் நடக்கும் இடம் கல்லார். மேட்டுப்பாளையத்திலிருந்து 8 கிலோமீட்டருக்குள், பாக்குத் தோப்புகள் தாண்டி வரும். அதுவரை வண்டி ஓடும் சத்தம் நமக்குப் பழக்கமான சத்தம். கல்லாரைத் தாண்டியதும் இரண்டு தண்டவாளத்துக்கு நடுவே பற்கள் வெட்டிய இரும்புப் பட்டைகள் தொடங்கும். ஒன்றல்ல, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு. ஒரு பட்டையில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம் இருக்கும்படி மாற்றி வைத்திருப்பார்கள். எந்த நொடியிலும் ஒரு பல்லாவது முழுப் பிடியில் இருக்க வேண்டும் என்பதற்காக. இதற்கு ஆப்ட் முறை என்று பெயர். பல்சக்கரம் பட்டைக்குள் நுழையும்போது எஞ்சின் நடைவேகத்துக்கும் கீழே இறங்கிவரும். பல்லும் பல்லும் சரியாகக் கடித்துக்கொள்ளாமல் வேகமாக ஏறினால் பல் உடையும். தரையிலிருந்து ஒரு கடகடப்பு காலில் ஏறுவதை அப்போது உணரலாம். அதற்குப் பிறகு வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர் அளவில்தான். ஏற்றம் அதிகபட்சம் 12-க்கு 1: பன்னிரண்டு அடி முன்னே போனால் ஓர் அடி மேலே. சாதாரணச் சக்கரம் இந்தச் சரிவில் வழுக்கிவிடும்.

எஞ்சின் முன்னால் இல்லாததைக் கண்டு பயந்துவிடாதீர்கள். ஏறும்போது அது கடைசியில் நின்று தள்ளும். காரணம் எளிது: கொக்கி அறுந்தாலும் பெட்டிகள் பின்னோக்கி உருண்டு ஓடிவிடக் கூடாது. முன்னால் ஓட்டுநர் இல்லாததால் ஒவ்வொரு பெட்டியின் மேடையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் கொடியோடு நிற்பார். முதல் பெட்டிக்காரர் பாதையைப் பார்த்துக் கொடி காட்ட, அது பெட்டிக்குப் பெட்டி கைமாறி எஞ்சினுக்குப் போகும். பாறையோ மாடோ யானையோ நின்றால் முதலில் பார்ப்பவர் அவர்தான்.

இதிலிருந்து பெட்டித் தேர்வும் தெளிவாகிவிடும். முதல் வகுப்பு வண்டியின் முன்முனையில் இருக்கிறது. மெத்தை இருக்கை, முன்னால் விரியும் பாதை, நெரிசல் இல்லை. ஆனால் எஞ்சினிலிருந்து அதுவே மிகத் தூரம். காட்சி வேண்டுமானால் முதல் வகுப்பு. நீராவி வேண்டுமானால் இரண்டாம் வகுப்பில் எஞ்சினை ஒட்டிய பெட்டி. கூடுதல் பணம் கொடுத்து முதல் வகுப்பில் ஏறி எஞ்சின் சத்தமே கேட்கவில்லை என்று குறைப்படுகிறவர்கள் உண்டு. தவறு வண்டியுடையது அல்ல. எந்தப் பெட்டி கிடைக்கும் என்பதை முன்பதிவில் நாம் தீர்மானிக்க முடியாது. ஆனால் வழியில் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது இறங்கிப் பின்னால் நடந்து பார்த்துக்கொள்ளலாம்.

பின்பெட்டிக்கு விலை உண்டு. மொத்தம் 16 சுரங்கங்கள். சுரங்கத்துக்குள் புகையும் சூடும் பின்பெட்டியில்தான் சேரும், ஜன்னலை மூடிவிடுங்கள். நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாறிய பிறகு காட்டில் தீப்பொறி விழும் பயம் குறைந்திருக்கிறது, கரித்தூசியும் குறைவு. இருந்தாலும் வெள்ளை வேட்டி, வெளிர்ச் சட்டை வேண்டாம். கண்ணில் துகள் விழுந்தால் கசக்காமல் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். ஸ்வெட்டரை யாரும் முதலிலேயே போட்டுக்கொள்ள வேண்டாம். மேட்டுப்பாளையம் 326 மீட்டர் உயரம், நம்மூர் வெயிலுக்குச் சளைத்தது அல்ல. குளிர் குன்னூரை நெருங்கும்போதுதான்.

அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு, காட்டேரி என்று நிலையங்கள் வரும். ஊர் என்று எதுவும் இல்லாத காட்டு நிலையங்கள். வண்டி நிற்பது பெரும்பாலும் எஞ்சினுக்காக. தண்ணீர்க் குழாயைத் தொட்டியின் வாயில் செருகிவிட்டு ஆட்கள் ஏறி நிற்பதும், நிரம்பி வழியும் தண்ணீர் சூடான தகட்டில் விழுந்து சீறுவதும் கையெட்டும் தூரத்தில் நடக்கும். ஹில்குரோவில் டீயும் தின்பண்டமும் கிடைக்கும், கூடவே குரங்குகள். முறுக்குப் பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினால் அது உங்களுடையது அல்ல. கடலூரிலிருந்து கட்டிக்கொண்டு போகும் புளிச்சோற்றை வண்டி ஓடும்போது சாப்பிட்டு முடிப்பது புத்திசாலித்தனம்.

உண்மையான குறைகள் இரண்டு. பெட்டிகளில் கழிப்பறை இல்லை. குன்னூர் வரை மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும், நிற்கும் இடங்களில் வண்டி நகர்வதற்குள் வந்துவிட வேண்டும். சர்க்கரை நோய், சிறுநீர்ப் பிரச்சினை உள்ளவர்களுக்கு இது சிரமம், முன்கூட்டியே யோசியுங்கள். இரண்டாவது, இடம். எதிரெதிர் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார வேண்டும். பெட்டியிலிருந்து பெட்டிக்கு உள்ளே வழி கிடையாது. பெரிய சூட்கேஸை வைக்க இடமே இல்லை. ஆளுக்கு ஒரு தோள் பை, அவ்வளவுதான். நீலகிரி மாவட்டத்தில் சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை உண்டு. எவர்சில்வர் பாட்டிலை எடுத்துப் போங்கள். சொந்த வண்டியில் போகிறவர்களுக்கு 2024 மே முதல் கேட்கும் இ-பாஸ் ரயில் பயணிக்குத் தேவையில்லை.

எந்த மாதம்? கடலூரில் புயல் கூண்டு ஏற்றும் மாதங்களில் போக வேண்டாம். அதே வடகிழக்குப் பருவமழைதான் குன்னூர் மலைச்சரிவிலும் கொட்டுகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மண் சரிந்து, மரம் விழுந்து, பாதையில் பாறை உருண்டு வண்டி ரத்தாவது வாடிக்கை. பெரும்பாலும் ரத்தாவது கல்லார்–குன்னூர் பகுதிதான், அதாவது நீராவிப் பகுதி. மேலே குன்னூர்–ஊட்டி டீசல் ஓடிக்கொண்டே இருக்கும். ரயில்வே ரத்து செய்தால் மலை வண்டிக் கட்டணம் முழுதாகத் திரும்பும். நீலகிரி எக்ஸ்பிரஸ் டிக்கெட் அப்படி அல்ல. அந்த வண்டி ஓடுகிறது, ஆகவே அதை நீங்களே ரத்து செய்து கழிவை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஜனவரி, பிப்ரவரி மாதங்களே எங்கள் தேர்வு. மழை முடிந்த பச்சை இருக்கும், பொங்கல் வாரம் தவிர கூட்டம் இருக்காது, குளிர்ந்த காற்றில் ஆவி வெள்ளையாகக் கட்டி நிற்கும்.

மழை இல்லாத நாளிலும் தாமதம் வரலாம். ஏற்றத்தில் கொதிகலன் அழுத்தம் குறைந்துவிட்டால் எஞ்சின் நடுவழியில் நின்று, நீராவி கூட்டிக்கொண்டுதான் நகரும். பழுது என்று பதற வேண்டாம். அப்போதைக்கு எஞ்சின் மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான். இதற்காகவே அன்று சாயங்காலத்துக்கு இறுக்கமான வேறு டிக்கெட் எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஏறுவதா, இறங்குவதா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியுமென்றால் ஏறுங்கள். ஊட்டியில் பிற்பகல் 2 மணிக்குக் கிளம்பி 5.35-க்கு மேட்டுப்பாளையம் சேரும் வண்டியிலும் குன்னூருக்குக் கீழே நீராவி எஞ்சின் உண்டு. ஆனால் இறக்கத்தில் அதற்கு வேலை பிடித்துக்கொள்வதுதான், தள்ளுவதல்ல. சத்தம் அடங்கியிருக்கும். பிரேக் வாசனைதான் மிச்சம்.

குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசலை மாட்டுவார்கள். எஞ்சின் ஷெட் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. ஒன்றிரண்டு எக்ஸ் எஞ்சின்கள் வெளியே நிற்பதைப் பிளாட்பாரத்திலிருந்தே பார்க்கலாம். குடும்பத்தோடு வந்தவர்கள் ஊட்டி வரை போகட்டும். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று தேயிலையும் யூகலிப்டஸுமாக நல்ல பயணம். எஞ்சினுக்காக வந்தவர்கள் குன்னூரிலேயே இறங்கிவிடலாம். பத்தரை மணிவாக்கில் இறங்கி, சாப்பிட்டு, பஸ்ஸில் மேட்டுப்பாளையம் வந்தால் பிற்பகல் முழுதும் கையில் இருக்கும். கோவையிலிருந்து இரவுப் பஸ் பிடித்தால் மறுநாள் காலை திருப்பாப்புலியூர். ரயிலில்தான் திரும்புவேன் என்றால் அதே நீலகிரி எக்ஸ்பிரஸ், 12672, இரவு 9 மணிக்கு மேல் மேட்டுப்பாளையத்தில் கிளம்புகிறது. சேலத்தில் இறங்கும்போது நடுராத்திரி. உறங்கிப்போனால் சென்னையில்தான் விழிப்பீர்கள், அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.